தீவுக் குன்றின் படைத்தளமும் அருங்காட்சியக நினைவும்: சிங்கப்பூர் கேனிங் கோட்டையை முன்வைத்து

முன்னுரை

தேனி, கம்பம் பள்ளத்தாக்குப் பகுதியின் வரலாற்று மாணவர்க்கு அண்மையில் உள்ள பெரிய மலைக்கோட்டை திண்டுக்கல் ஆகும். படைத்தளமாக இருந்த குன்று பார்வையிடமாக மாறும்போது யாருடைய வரலாறு அங்கு எஞ்சுகிறது என்னும் வினாவை அத்தகைய இடங்கள் எழுப்புகின்றன. அவ்வினாவை ஆராய, தமிழர் குடியேறிய சிங்கப்பூரின் கேனிங் கோட்டைக் குன்று தக்க சான்றாக அமைகிறது.

குன்றும் நிலத்தடி அரணும்

மலாய் மக்கள் 'புக்கிட் லாராங்கான்' (விலக்கப்பட்ட குன்று) என வழங்கிய இக்குன்றின்மீது ஆங்கிலேயர் 1859 முதல் 1861 வரை கோட்டை எழுப்பினர். இந்தியாவின் தலைமை ஆளுநர் கேனிங் பிரபுவின் பெயர் அதற்கு இடப்பட்டது. நகரை ஒட்டி அமைந்திருந்தமையால் அக்கோட்டை துறைமுகக் காவலுக்கு ஏற்றதாக இல்லை. 1907இல் அது இடிக்கப்பட்டு, வாயில் முதலிய சில பகுதிகளே எஞ்சின. பின்னர் 1920களில் குன்றின்மேல் நகருக்கான நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. 1930களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 9 மீட்டர் ஆழத்தில் குண்டு துளைக்காத நிலத்தடிப் படைத்தலைமையகம் உருவாயிற்று. அதுவே 1997 முதல் 'பேட்டில்பாக்ஸ்' என்னும் அருங்காட்சியகமாகத் திகழ்கிறது.

சரணடைவும் நீரும்

1942 பெப்ரவரி 15 அன்று காலை, படைத்தலைவர் பெர்சிவல் இவ்வறைகளில் தம் தளபதியரைக் கூட்டினார். புக்கிட் தீமாவின் உணவுக் கிடங்குகளையும் நீர்த்தேக்கங்களையும் மீட்க எதிர்த்தாக்குதல் நடத்துவதா, சரணடைவதா என்பதே அவர்கள்முன் இருந்த வினா. குழாய்கள் குண்டுவீச்சில் உடைந்து நகரின் குடிநீர் வீணாகிக்கொண்டிருந்தது. சரணடைவதென முடிவாயிற்று, அன்று மாலை ஃபோர்டு தொழிற்சாலையில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கடலோரப் பீரங்கிகள் நிலப்பக்கம் திரும்பாமையே தோல்விக்குக் காரணம் என்னும் பரவலான கருத்து முழு உண்மையன்று. அவற்றுள் பல நிலப்பக்கமும் திரும்பிச் சுட்டன. ஆனால் கப்பலைத் துளைக்கும் குண்டுகளே அவற்றுக்கு மிகுதியாக இருந்தன.

அறைக்கு வெளியே நின்றோர்

அருங்காட்சியகத்தின் கதை தளபதியரின் முடிவை மையமாகக் கொண்டது. அம்முடிவினால் வாழ்க்கை மாறியோரின் வரலாறு குன்றுக்கு வெளியே தொடர்கிறது. பெப்ரவரி 17 அன்று ஃபேரர் பார்க் திடலில், ஏறத்தாழ 45,000 எனக் கணக்கிடப்படும் இந்திய வீரர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். இந்திய தேசிய இராணுவத்திற்கு மோகன் சிங் அங்கு வீரர்களை அழைத்தார். 1943இல் சுபாஷ் சந்திர போஸ் தலைமையேற்றபின், மலாயாத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளரும் அப்படையில் பெருமளவில் சேர்ந்தனர். சென்னையிலிருந்து வந்து சிங்கப்பூரில் மருத்துவராகப் பணியாற்றிய இலட்சுமி சுவாமிநாதன் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கினார். அதே காலத்தில் தமிழ்த் தொழிலாளர் பலர் 415 கி.மீ. நீளமுள்ள சயாம்–பர்மா இருப்புப்பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்டு நோயாலும் பசியாலும் மாண்டனர்.

இவ்வரலாற்றுக்குரிய இடங்கள் தலைமையகத்தைப் போல் முழுமையாகக் காக்கப்படவில்லை. போஸ் 1945 ஜூலையில் கடற்கரையோர எஸ்பிளனேடில் அடிக்கல் நாட்டிய இந்திய தேசிய இராணுவ நினைவுச்சின்னத்தை, மீண்டு வந்த ஆங்கிலேயர் அதே ஆண்டு செப்டம்பரில் தகர்த்தனர். அவ்விடத்தில் 1995இல் குறிப்புப் பலகை ஒன்றே நிறுவப்பட்டது.

முடிவுரை

கட்டளை பிறந்த அறை கற்காரையால் ஆனது, ஆகவே நிலைத்தது. கட்டளைக்கு உட்பட்டோர் நின்றது திறந்த வெளி. அதில் அவர்தம் தடம் எஞ்சவில்லை. எனவே படைத்தள அருங்காட்சியகத்தை மட்டும் சான்றாகக் கொள்ளும் ஆய்வு, ஆட்சியாளரின் பார்வையையே திரும்பச் சொல்ல நேரும். கேனிங் குன்றை ஃபேரர் பார்க், எஸ்பிளனேடு ஆகியவற்றோடும், தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் வாய்மொழி வழக்காறுகளோடும் இணைத்துக் காணும்போதே தமிழர் பங்கு புலப்படும். மலாயாவுக்குத் தொழிலாளரை அனுப்பிய தமிழக ஊர்களில் அந்நினைவுகளைத் தொகுத்தல் உடனடித் தேவையாகும். அத்தலைமுறையினர் அருகி வருகின்றனர்.