கீற்று முகில்களின் வெப்பக் கதிர்வீச்சு

கீற்று முகில்கள் (சிர்ரஸ்) என்பவை வளிமண்டலத்தின் உயர் அடுக்குகளில் பனிப்படிகங்களால் உருவாகும் மெல்லிய முகில்கள். மிதவெப்ப மண்டலத்தில் இவை பெரும்பாலும் 6 கி.மீ. உயரத்துக்கு மேல் காணப்படுகின்றன. வெப்பமண்டலத்தில் 16 கி.மீ. உயரத்தையும் எட்டுவதுண்டு. சூரிய ஒளியின் பெரும்பகுதியைக் கீழே விட்டுவிட்டு, புவியிலிருந்து விண்வெளிக்குச் செல்லும் வெப்பத்தைத் தடுப்பதால் புவியின் வெப்பச் சமநிலையில் இவற்றுக்கு முக்கியப் பங்கு உண்டு.

உட்கவர்தலும் உமிழ்தலும்

புவிப்பரப்பு அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை வெளியிடுகிறது. இவற்றில் 8 முதல் 12 மைக்ரோமீட்டர் வரையான அலைநீளங்களை நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் அதிகம் உட்கவர்வதில்லை. ‘வளிமண்டலச் சாளரம்’ எனப்படும் இவ்வழியே வெப்பம் எளிதில் வெளியேறும். பனிக்கட்டியோ இந்த அலைநீளங்களை நன்கு உட்கவர்கிறது. கிர்ச்சாஃப் விதிப்படி, ஓர் அலைநீளத்தை நன்கு உட்கவரும் பொருள் அதே அலைநீளத்தில் நன்கு உமிழவும் செய்யும். ஆனால் உமிழும் அளவு வெப்பநிலையைப் பொறுத்தது. முகில் மிகக் குளிர்ந்திருப்பதால், கீழிருந்து வாங்குவதைவிடக் குறைவாகவே மேலே அனுப்புகிறது.

எடுத்துக்காட்டு

288 கெல்வின் வெப்பநிலையுள்ள தரை, சதுர மீட்டருக்குச் சுமார் 390 வாட் உமிழும். 220 கெல்வினில் முழு உமிழ்திறன் கொண்ட முகில் சுமார் 133 வாட் மட்டுமே உமிழும். உமிழ்திறன் 0.3 மட்டுமே உள்ள மெல்லிய முகில், தரையின் கதிர்வீச்சில் 273 வாட்டை ஊடுருவ விட்டு, தன் பங்காக 40 வாட்டை மேலே அனுப்பும். மற்ற வாயுக்களின் விளைவைக் கணக்கில் கொள்ளாவிட்டால், வெளியேறும் வெப்பம் 390 வாட்டிலிருந்து 313 வாட்டாகக் குறைகிறது.

நிகர விளைவு

மெல்லிய கீற்று முகில்கள் பொதுவாகப் புவியைச் சூடாக்குகின்றன. தடிமன் கூடும்போது அவை திருப்பியனுப்பும் சூரிய ஒளியும் கூடுவதால், பகலில் குளிர்விக்கும் விளைவு மேலோங்கலாம். இரவில் திருப்பியனுப்பச் சூரிய ஒளி இல்லாததால் சூடாக்கும் விளைவு மட்டுமே எஞ்சும். உயரமும் தடிமனும் தவிர, படிகங்களின் அளவும் வடிவமும் இவ்விளைவை மாற்றுகின்றன.

அளவீடு

பனிக்கட்டி 11 மைக்ரோமீட்டரைவிட 12 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை அதிகம் உட்கவர்கிறது. ஆகவே இவ்விரு அலைவரிசைகளில் பதிவாகும் வெப்பநிலைகளின் வேறுபாட்டைக் கொண்டு மெல்லிய கீற்று முகில்களை இனங்காணலாம். 2013இல் ஏவப்பட்ட இந்தியாவின் இன்சாட்-3டி செயற்கைக்கோளின் படமெடுக்கும் கருவியில் இவ்விரு அகச்சிவப்பு அலைவரிசைகளும் உள்ளன. 2006 முதல் 2023 வரை இயங்கிய கலிப்சோ செயற்கைக்கோள், லேசர் துடிப்புகளை அனுப்பி, கண்ணுக்குப் புலப்படாத அளவு மெல்லிய முகில்களின் உயரத்தையும் அளந்தது.