சட்டாம்பிள்ளை இல்லாத பள்ளிக்கூடம்

ஒரகடம் கூட்டுச்சாலையில் பேருந்துக்காகக் காத்திருப்பது என் அன்றாடங்களில் ஒன்று. சென்ற ஆண்டு ஒரு மாலையில், தொழிற்சாலைச் சீருடையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒரு பெண் அருகில் நின்று கைபேசியில் கணக்குப் பாடம் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைக் கண்டதும் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு வணக்கம் சொன்னாள். எங்கள் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்து வெளியேறிய மாணவி. தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். அதன் 200 வினாக்களில் 25 கணக்கும் மனத்திறனும் சார்ந்தவை. இலக்கியம் படித்தவர்கள் இடறி விழும் இடம் அதுதான். யாரோ ஓர் ஆசிரியர் கட்டணம் எதுவுமின்றி இணையத்தில் ஏற்றிவைத்திருந்த காணொளியை அவள் மூன்றாம் முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புரிகிறதா அம்மா?" என்று கேட்டேன்.

"அவரும் இதையேதான் சார் கேக்குறாரு. புரியலன்னு நான் சொன்னா அவருக்குக் கேக்காதே" என்றாள் சிரித்தபடி.

சிரிப்புடன் சொல்லப்பட்ட அந்த வாக்கியம் சில நாட்கள் என்னை விடவில்லை. தமிழ்நாட்டில் கணக்குச் சொல்லிக்கொடுத்ததன் வரலாற்றை அதன் வழியாகவே படித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

திண்ணைப் பள்ளிகளில் கணக்கு, கண்ணால் கற்பதற்கு முன் வாயால் கற்கப்பட்டது. எண்சுவடியே பாடநூல். முழு எண்களோடு பின்னங்களும் அதில் உண்டு. முக்கால், அரை, கால், அரைக்கால் என்று இறங்கி, பதினாறில் ஒன்றான மாகாணி, எண்பதில் ஒன்றான காணி, முந்நூற்றிருபதில் ஒன்றான முந்திரி வரை பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். நெல்லளக்கவும் நிலமளக்கவும் அது தேவைப்பட்டது. மணலில் விரலால் எழுதிப் பழகிய பிறகே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். ஒருவன் முன்சொல்ல, மற்றவர்கள் பின்சொல்வார்கள்.

முன்சொல்பவன் எப்போதும் உபாத்தியாயராக இருக்க வேண்டியதில்லை. ஒரே திண்ணையில் வெவ்வேறு வயதுப் பிள்ளைகள், ஒரே ஓர் ஆசிரியர். ஆகவே தேர்ந்த மாணவன் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். அவனுக்குப் பெயர் சட்டாம்பிள்ளை. இன்று அச்சொல்லைப் பிறரை அதட்டுபவன் என்ற கேலிப் பொருளில் கையாளுகிறோம். ஆனால் சட்டாம்பிள்ளையின் முதன்மையான வேலை கேட்பது. யார் எந்த வாய்ப்பாட்டில் எந்தப் படியில் தடுக்கினான் என்பது உபாத்தியாயரை விட அவனுக்கு நன்றாகத் தெரியும். சென்ற ஆண்டு அவனும் அதே படியில்தானே தடுக்கியிருப்பான்.

இந்த ஏற்பாடு கடல் கடந்த கதையைப் பலர் அறிந்திருக்கக்கூடும். ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதியின் மேற்பார்வைப் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, தம் விடுதியிலும் அதைப் புகுத்த விரும்பினார். அவருக்குக் கீழிருந்த ஆசிரியர்கள் அதற்கு ஒத்துவரவில்லை. ஆகவே ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். சிறுவன் வென்றான். மாணவனைக் கொண்டே மாணவனுக்குக் கற்பிப்பது அந்த விடுதியின் முறையாயிற்று. 1796இல் இந்தியாவை விட்டுப் புறப்பட்ட பெல், மறு ஆண்டு லண்டனில் தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். 1811இல் அங்கு தொடங்கப்பட்ட தேசியக் கழகத்தின் பள்ளிகள் அம்முறையைக் கைக்கொண்டன. 'மதராஸ் முறை' என்றே அது வழங்கப்பட்டது. 1823இல் பெல்லாரி ஆட்சியர் கேம்பெல் அரசுக்கு எழுதிய அறிக்கையிலும், மூத்த மாணவர் இளையவர்க்குக் கற்பிக்கும் இந்நாட்டு வழக்கம் இங்கிலாந்தில் பின்பற்றப்பட்டது தகுதியானதே என்ற குறிப்பு உண்டு.

இங்கே பெருமிதத்தோடு நின்றுவிட்டால் பாதி உண்மையைச் சொன்னதாகிவிடும். தாமஸ் மன்றோ 1822இல் கட்டளையிட்ட கணக்கெடுப்பின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். மக்கள்தொகையோ ஒரு கோடியே 28 லட்சத்துக்கு மேல். மாணவர்களில் பெண்பிள்ளைகள் மிகச் சிலரே. ஒடுக்கப்பட்ட சாதியினருக்குப் பெரும்பாலான திண்ணைகள் மூடியே கிடந்தன. ஏறி அமர்ந்தவர்களுக்கும் பிரம்பு காத்திருந்தது. தவறாகச் சொன்னவன் எல்லோர் முன்னிலையிலும் அடிபட்டான். கேட்பதற்கு ஆள் இருந்த பள்ளியில், தவறு கேட்டுவிடுமோ என்ற அச்சமும் இருந்தது. திண்ணை தந்த கல்வியை நினைக்கும்போது அது யாருக்குத் தரவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். பேருந்துக்கு நின்ற என் மாணவிக்கு அன்றைய திண்ணையில் இடம் கிடைத்திருக்காது.

காணொளிப் பாடங்களின் வருகையை இந்தப் பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும். 2004இல் அமெரிக்காவில் நிதித்துறையில் வேலைபார்த்த சல்மான் கான், வேறு ஊரிலிருந்த உறவுப் பெண் நாதியாவுக்குத் தொலைவிலிருந்தே கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். மற்ற உறவுப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்ளவே, 2006இல் பாடங்களைப் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றினார். ஊதியம் கருதாது செய்த அவ்வேலையே 2008இல் கான் அகாடமி என்ற அறநிறுவனமாயிற்று. நேரில் கற்பதை விடக் காணொளியில் கற்பதையே அந்தப் பிள்ளைகள் விரும்பினார்களாம். 2011இல் ஆற்றிய உரையொன்றில் அவரே இதைக் கூறினார். காரணம் எளியது. காணொளியை நிறுத்தலாம், பின்னோக்கி ஓட்டலாம், ஏழாம் வகுப்பில் விட்டதைப் பன்னிரண்டாம் வகுப்பிலும் கேட்கலாம். மறுபடியும் கேட்கிறோமே என்று கூச வேண்டியதில்லை. பிரம்பும் இல்லை, பக்கத்து மாணவனின் சிரிப்பும் இல்லை. நூற்றாண்டுகளாகக் கணக்கோடு ஒட்டிக்கிடந்த அவமானத்தை ஒரு சிறிய பொத்தான் அகற்றிவிட்டது. இதைக் குறைத்து மதிப்பிடுபவர்கள் கணக்கு வகுப்பில் எழுந்து நின்ற அனுபவமில்லாதவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2019 ஆகஸ்ட் 26 அன்று அரசின் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. மறு ஆண்டு பெருந்தொற்றில் பள்ளிகள் மூடப்பட்டபோது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதுவே வகுப்பறையாயிற்று. தன்னார்வத்தால் கைபேசியில் பாடம் பதிவுசெய்து அனுப்பிய ஆசிரியர்களும் பலர். ஆனால் பள்ளிகள் திறக்கும் தறுவாயில், பிள்ளைகள் இழந்ததை மீட்க அரசு நாடியது இன்னொரு திரையை அன்று. 2021 அக்டோபர் 27 அன்று 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில், மாலை நேரங்களில் வீட்டு வாசலிலும் தெருவிலும் பிள்ளைகளைக் கூட்டி அமர்த்திக்கொண்டார்கள். 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத் தொண்டர்கள் ஏற்றிய மாலைநேர விளக்குகள் என் தலைமுறையினருக்கு நினைவுக்கு வந்திருக்கும். பாடம் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது, அதை வாங்கிக்கொண்டார்களா என்று கேட்க ஆள் வேண்டியிருக்கிறது. வாசலுக்கு வந்த அந்தப் பெண்கள் ஒருவகையில் சட்டாம்பிள்ளைகளே. இம்முறை பிரம்பில்லை, சாதிக்கொரு கதவும் இல்லை.

ஒரகடம் பக்கம் திரும்புவோம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கியதிலிருந்து இவ்வட்டாரத்தின் காலக்கணக்கே மாறிப்போனது. 2006இல் வந்த நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. அந்த எட்டாண்டுகளில் பல்லாயிரம் பெண்கள் கைபேசிகளைக் கோத்து அனுப்பினார்கள். இப்போது சுங்குவார்சத்திரத்தில் அந்த வேலை வேறு பெயர்களில் தொடர்கிறது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. பகலில் கைபேசி செய்பவர்கள், இரவில் அதே கருவியில் கணக்குக் கற்கிறார்கள். சுழல்முறைப் பணியில் இருப்பவர்கள் எந்தத் தனிப்பயிற்சி வகுப்புக்கும் ஒழுங்காகப் போக முடியாது. நள்ளிரவிலும் திறந்திருக்கும் ஒரே பள்ளி காணொளிதான்.

என் மாணவியை இரண்டு மாதம் கழித்து அதே நிறுத்தத்தில் பார்த்தேன். அந்தக் கணக்கு என்னவாயிற்று என்று கேட்டேன். ஒருவர் 12 நாளிலும் மற்றவர் 6 நாளிலும் முடிக்கும் வேலையை இருவரும் சேர்ந்தால் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்பது வினா. அவள் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 9 என்று போட்டிருக்கிறாள். காணொளி ஆசிரியர் சரியான வழியைத்தான் காட்டினார். ஆனால் இவள் மனத்தில் இருந்த 9 அவருக்குத் தெரியாது. அறைத்தோழி ஒருத்தி, மேல்நிலையில் கணிதம் படித்தவள், எட்டிப் பார்த்து ஒரே கேள்வி கேட்டாளாம்: "வேகமா செய்யறவ தனியாவே ஆறு நாள்ல முடிக்கிறா. துணைக்கு இன்னொருத்தி வந்தா நாள் கூடுமாடி?" அதன் பின்னரே காணொளி விளங்கியது. ஒரு நாளில் ஒருவர் பன்னிரண்டில் ஒன்று, மற்றவர் ஆறில் ஒன்று, சேர்ந்தால் காற்பங்கு. ஆகவே 4 நாள். "லைன்ல நாங்க தினமும் பாக்குற கணக்குதான் சார்" என்றாள். இப்போது அந்த அறையில் நான்கு பேர் சேர்ந்து பார்க்கிறார்களாம். காணொளியை நடுவில் நிறுத்திவிட்டு, தோழி ஒவ்வொருவரிடமும் விடை கேட்பாளாம்.

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். திருக்கோட்டியூரில் ஆசாரியர் மறைவாகச் சொல்லியதை அவர் கோபுரமேறி எல்லோருக்கும் உரக்கச் சொன்னார் என்பது குருபரம்பரைக் கதை. கற்றதைக் கட்டணமின்றி இணையத்தில் ஏற்றும் ஆசிரியர்களைப் பார்க்கும்போதெல்லாம் அக்கோபுரம் நினைவில் எழும். ஆனால் அதே மரபு இன்னொன்றையும் சொல்கிறது. அவர் எழுபத்துநான்கு ஆசாரியர்களை நியமித்தார், ஊர்தோறும் அருகமர்ந்து சொல்லிக்கொடுக்க. கோபுரத்திலிருந்து சொல்வது ஒருவரால் முடியும். கீழே ஒவ்வொருவர் காதிலும் அது என்னவாக விழுந்தது என்று கேட்கப் பலர் தேவைப்படுகிறார்கள்.

பேருந்து வந்தது. தேர்வில் எத்தனை கணக்கு சரியாக வந்தது என்று கேட்க மறந்துவிட்டேன். அந்த அறையில் யாராவது கேட்டிருப்பார்கள்.