மசில் காருக்கு எந்த கிளட்ச் சரி? 'ஸ்டேஜ் 3' என்றதும் வாங்கிவிடலாமா?

ஃபோர்டு மஸ்டாங், செவ்ரோலே கமாரோ, டாட்ஜ் சேலஞ்சர்... அமெரிக்காவில் மேனுவல் கியர் மசில் கார் வைத்திருப்பவர்கள், இன்ஜின் சக்தியைக் கூட்டியதும் அடுத்து கைவைப்பது கிளட்சில்தான். ஆனால், 'இருப்பதிலேயே ஸ்ட்ராங்கானது' என வாங்கி மாட்டினால், டிராஃபிக்கில் கால் வலிதான் மிஞ்சும். அப்போ எதைப் பார்த்து வாங்குவது?

கிளட்ச் என்ன செய்கிறது?

இன்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில், கியர்பாக்ஸோடு இணைந்த டிஸ்க் இருக்கும். பெடலை விட்டதும் பிரஷர் பிளேட் அந்த டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும். அந்தப் பிடியைவிட இன்ஜினின் டார்க் அதிகமானால் கிளட்ச் வழுக்கும். ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது. சூட்டில் டிஸ்க் கருகிவிடும்.

முதலில் கணக்கு

பார்க்க வேண்டியது ஹார்ஸ்பவரை அல்ல, டார்க்கை. உதாரணமாக, 2018 மஸ்டாங் ஜிடி-யின் 5.0 லிட்டர் வி8 இன்ஜின் தருவது 420 பவுண்ட்-அடி, அதாவது சுமார் 570 நியூட்டன் மீட்டர். சூப்பர்சார்ஜர் பொருத்தினால் இது வெகுவாக உயரும். உங்கள் காரின் டார்க்கைவிட ஓரளவு கூடுதலாகத் தாங்கும் கிளட்ச் போதும். நிறுவனம் சொல்லும் அளவு இன்ஜினில் எடுத்ததா, சக்கரத்தில் எடுத்ததா என்பதையும் கேளுங்கள். சக்கரத்தில் எப்போதும் குறைவாகவே காட்டும்.

'ஸ்டேஜ் 1, 2, 3' என்பதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ஸ்டேஜ் 2, இன்னொன்றின் ஸ்டேஜ் 3-க்குச் சமமாக இருக்கலாம்.

டிஸ்க்கில் எத்தனை வகை?

ஆர்கானிக்: மென்மையாகப் பிடிக்கும். தினசரி ஓட்ட ஏற்றது. அதிக சூடு தாங்காது.

கெவ்லர்: மென்மையும் உண்டு, நீண்ட நாள் உழைக்கும். பழக்கி எடுக்க நாளாகும்.

செராமிக்: சூடு தாங்கும், பிடி அதிகம். ஆனால் சட்டெனப் பிடிப்பதால் சிக்னலில் கார் குலுங்கும்.

ட்வின் டிஸ்க்: இரண்டு உரசும் பரப்புக்குப் பதில் நான்கு. அதனால் பெடலை இறுக்கமாக்காமலே அதிக டார்க்கைத் தாங்கும். விலைதான் அதிகம்.

சாலையில் ஓட்டுபவர்கள், நடுவில் ஸ்பிரிங் உள்ள டிஸ்க்கையே தேர்வு செய்வது நல்லது. அது கியர்பாக்ஸுக்குப் போகும் அதிர்ச்சியைக் குறைக்கும்.

ஃப்ளைவீலை மறக்காதீங்க

எடை குறைந்த அலுமினிய ஃப்ளைவீலில் ஆர்பிஎம் வேகமாக ஏறும். ஆனால் நின்று நின்று போகும்போது இன்ஜின் எளிதில் ஆஃப் ஆகும். நகரத்துக்கு ஸ்டீல்தான் வசதி. பழைய கார்களின் வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் உச்ச ஆர்பிஎம்மில் வெடித்துச் சிதறும் அபாயம் உண்டு. அது இருப்பதோ டிரைவரின் கால் அருகில்! எனவே எஸ்எஃப்ஐ சான்று பெற்றதை வாங்குவது பாதுகாப்பு.

மாட்டும்போது...

கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். அதனால் ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங்கையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். இன்ஜினின் பின்பக்க சீலில் ஆயில் கசிகிறதா என்றும் பாருங்கள். டிஸ்க்கில் ஆயில் பட்டால் புது கிளட்சும் வழுக்கும்.

மாட்டிய பிறகு, பெரும்பாலான கிளட்ச்களுக்குச் சுமார் 800 கிலோமீட்டர் வரை நகரத்துக்குள் நிதானமாக ஓட்ட வேண்டும். அதற்குள் டயரில் புகை கிளப்ப ஆசைப்பட்டால், செலவழித்த காசும் புகையோடு போய்விடும்.