ஆரணி நெசவாளரும் ஹோமோசிஸ்டீனும்: ஒரு மருத்துவக் கருத்தின் வரலாறு

இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் கூடுவதற்கும் வளர்சிதை மாற்ற நோய்த்தொகுதிக்கும் உள்ள உறவு முதலில் மேலை நாடுகளில்தான் ஆராயப்பட்டது. அங்கே கண்ட முடிவுகளை ஆரணி போன்ற பட்டு நெசவூருக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். நம் ஊர்களில் ஹோமோசிஸ்டீன் முதலில் உணவுக் குறையைக் காட்டுகிறது. சர்க்கரை, கொழுப்புக் கோளாறுகளைக் காட்டுவது அதற்குப் பிறகுதான்.

இக்கருத்தின் வரலாறு நெசவுத் தொழிலாளரிடமே தொடங்குகிறது. 1928-இல் பம்பாய்க்கு வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், துணியாலைத் தொழிலாளரிடையே கருவுற்ற பெண்களைத் தாக்கிய கடும் இரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், பிறகு சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் (இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை) அந்தப் பணி தொடர்ந்தது. ஈஸ்ட் சாறு கொடுத்தால் நோய் தீர்கிறது என்று 1931-இல் அறிவித்தார். அதிலிருந்த சத்து ஃபோலிக் அமிலம் என்பது பின்னாளில் தெளிவானது. அதை 1945-இல் செயற்கையாக உருவாக்கிய லெடர்லி ஆய்வுக்கூடக் குழுவை வழிநடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது கதர் உடுத்தியதற்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவர் அவர். கைத்தறித் துணிக்காக இவ்வளவு இழந்த மனிதரின் பெயர் நெசவூர்களில் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டும்.

ஹோமோசிஸ்டீன் வேறொரு பாதையில் வந்தது. 1932-இல் வின்சென்ட் டு விக்னோ, மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைக் கந்தக அமிலத்தில் காய்ச்சி அதைக் கண்டறிந்தார். புரத உணவு செரித்து வரும் மெத்தியோனின் உடலில் ஹோமோசிஸ்டீனாக மாறுகிறது. ஃபோலேட்டும் (ஃபோலிக் அமிலம்) வைட்டமின் பி12-உம் இருந்தால் அது மீண்டும் மெத்தியோனினாகும். பி6 இருந்தால் சிஸ்டீனாகிக் கழியும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது இரத்தத்தில் தேங்கும். லிட்டருக்கு 15 மைக்ரோமோலுக்கு மேல் போவதையே பொதுவாக மிகுதி என்கிறார்கள். பரம்பரைக் கோளாறால் இந்தத் தேக்கம் ஏற்பட்ட குழந்தைகளின் தமனிகள் முதியோருடையவை போலத் தடித்திருந்ததை 1969-இல் கில்மர் மெக்கல்லி எடுத்துக்காட்டி, மாரடைப்புக்கும் இதுவே காரணமாகலாம் என்றார்.

1988-இல் ஜெரால்டு ரீவன், இன்சுலின் எதிர்ப்பு, உயர் இரத்த அழுத்தம், கொழுப்புக் கோளாறு ஆகியவை ஓர் உடலில் சேர்ந்தே வருவதை விளக்கினார். இதுவே பின்னர் வளர்சிதை மாற்ற நோய்த்தொகுதி எனப்பட்டது. இன்றைய வரையறையில் இடுப்புச் சுற்றளவு உட்பட ஐந்து அளவுகோல்கள். மூன்று பொருந்தினால் நோய்த்தொகுதி உண்டு. தெற்காசியரில் ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ. இடுப்பே எல்லை. இரண்டு பாதைகளும் 2001-இல் சந்தித்தன: இரத்தத்தில் இன்சுலின் மிகுந்தோரிடம் ஹோமோசிஸ்டீனும் ஓரளவு கூடியிருப்பதை அமெரிக்காவின் ஃபிராமிங்காம் ஆய்வு கண்டது. ஆனால் வைட்டமின் கொடுத்து அதைக் குறைத்தாலும் மாரடைப்பு குறையவில்லை என்று 2006-இல் வெளியான இரு பெரிய சோதனைகள் காட்டின. மெக்கல்லியின் கருத்துக்கு அது பலத்த அடி.

நம் பக்கத்துச் சான்றுகள் இன்னும் கூர்மையானவை. தென்னிந்திய ஆண்களிடம் ஹோமோசிஸ்டீனுக்கும் இதயத் தமனி நோய்க்கும் தொடர்பு தென்படவில்லை என்று சென்னையில் வி. மோகன் குழுவினர் 2001-இலேயே எழுதினர். அதே குழுவின் சென்னை நகர ஆய்வில், பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பின் வரையறைப்படி 25.8 விழுக்காட்டினருக்கு நோய்த்தொகுதி இருந்தது. புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்விலோ, நடுத்தர வயது ஆண்களில் 67 விழுக்காட்டினருக்கு பி12 குறைவு, 58 விழுக்காட்டினருக்கு ஹோமோசிஸ்டீன் மிகுதி. தாயிடம் பி12 குறைந்தும் ஃபோலேட் கூடியும் இருந்தால் பிள்ளையின் இன்சுலின் எதிர்ப்பு மிக அதிகம் என்பதை அதே குழு 2008-இல் காட்டியது. ஆக, ஹோமோசிஸ்டீன் மிகுதிக்கும் நோய்த்தொகுதிக்கும் இங்கே பொதுவான வேர் பி12 குறைவாக இருக்கலாம் என்று கருத இடமுண்டு.

ஆரணி பட்டுக்கும் அரிசிக்கும் பெயர் பெற்ற ஊர். தவிடு நீங்கத் தீட்டிய வெள்ளை அரிசியில் ஃபோலேட்டின் பெரும்பகுதி போய்விடுகிறது. பி12 தாவர உணவு எதிலுமே இல்லை. சோறு நிறையவும், பால், முட்டை, மீன் குறையவும் உண்டு, பகல் முழுதும் தறியில் உட்கார்ந்திருப்பவரிடம் இடுப்பும் பெருக்கலாம், ஹோமோசிஸ்டீனும் கூடலாம். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று கொள்வது அவசர முடிவு.

இதில் மருந்துக்கும் பங்கு உண்டு. சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை, நாளடைவில் பி12 உடலில் சேர்வதைக் குறைக்கும். பி12 குறைந்தால் பாதம் மரத்துப்போகும். அதைச் சர்க்கரையின் விளைவு என்றே எண்ணிக் கடந்துவிடுவதுண்டு. குழித்தறியில் மிதியைக் காலால் உணர்ந்து மிதிப்பவருக்கு அது பிழைப்பையே தொடும் இழப்பு. அங்கே ஃபோலிக் அமிலம் மட்டும் எழுதிக் கொடுத்தால் இரத்தசோகை சீராகும், ஹோமோசிஸ்டீன்கூடச் சற்று இறங்கும்; நரம்பின் சேதமோ உள்ளே தொடரும். நெசவாளர் மருத்துவ முகாம்களில் சர்க்கரையோடும் இரத்த அழுத்தத்தோடும் இடுப்புச் சுற்றளவையும், மெட்ஃபார்மின் உண்போருக்கு பி12-ஐயும் அளக்க வேண்டும் என்று இவ்வரலாறு கோருவது அதனால்தான்.