கூரையில்லாத ஊர்தி

மன்னர்கள் ஏறிய தேரையும் யானையையும் பற்றி வரலாற்று நூல்கள் நிறையப் பேசியிருக்கின்றன. நாள்தோறும் வேலைக்குச் செல்லும் எழுத்தரும் ஆசிரியரும் ஏறிய வண்டியைப் பற்றி அவை அவ்வளவாகப் பேசுவதில்லை. மாணவ நேயர்களே, இன்று நான் எடுத்துக்கொண்டது அத்தகைய வண்டியாகிய மோட்டார் சைக்கிளின் கதை. பேருந்துக்கும் காருக்கும் கூரை உண்டு, இதற்கு இல்லை. வானம் பொழிவதையெல்லாம் ஓட்டுபவர் தம் உடம்பிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். ஆகவே இதன் வரலாற்றில் பாதி, இயந்திரத்தின் வரலாறு. மறுபாதி, அதன்மேல் அமர்ந்தவரைக் காக்க நடந்த முயற்சிகளின் வரலாறு. அந்த மறுபாதியே எனக்குச் சுவையுடையதாகத் தோன்றுகிறது.

1885-இல் ஜெர்மனியில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் பெட்ரோல் பொறி பூட்டிய இருசக்கர வண்டியொன்றைச் செய்தனர். சட்டம் மரம், சக்கரமும் மரம், அதற்கு இரும்புப் பட்டை. பொறியின் வலிமை அரைக் குதிரைத் திறன்தான். டைம்லரின் மகன் பால் அதில் சில கல் தொலைவு ஓட்டிச் சென்றபோது, அடியிலிருந்த பொறியின் வெப்பத்தால் இருக்கை தீப்பற்றிக்கொண்டது என்று சொல்வார்கள். அடுத்த மூன்றாண்டுகளில் டன்லப் என்பவர் காற்றடைத்த டயருக்கு உரிமைப் பட்டயம் பெற்றார், இடுப்பெலும்பு பிழைத்தது. ஆனால் மழை பகையாகவே இருந்தது. பழைய வண்டிகள் பலவற்றில் பொறியின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசென்றது ஒரு வார்ப்பட்டை. அது நனைந்தால் வழுக்கும்; மேட்டில் வண்டி ஏறாது. பட்டைக்குப் பதிலாகச் சங்கிலி பரவிய பிறகே ஈர நாளில் நம்பிப் புறப்பட முடிந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்தான் வேலைக்குச் செல்வோருக்கென்றே வண்டி அமைக்கும் எண்ணம் வலுப்பெற்றது. குண்டுவீச்சில் சிதைந்த விமானத் தொழிற்சாலைக்கு உரியவரான இத்தாலியின் பியாஜியோ, விமானப் பொறியாளர் டாஸ்கானியோவிடம் பணியை ஒப்படைத்தார். டாஸ்கானியோவுக்கு மோட்டார் சைக்கிள் பிடிக்காது; அழுக்கான வண்டி என்பது அவர் கருத்து. பிடிக்காத ஒருவரிடம் கொடுத்ததே நல்லதாயிற்று. சேறு தெறிக்காதபடி முன்னால் தகட்டுக் கேடயம், ஆடை கறைபடாதபடி மூடிய பொறி, காலைத் தூக்கி வீசாமல் ஏறும் வழி ஆகியவற்றோடு 1946-இல் வெஸ்பா பிறந்தது.

இதே சிந்தனையை ஜப்பானில் ஹோண்டா சோயிச்சிரோவும் அவருடைய கூட்டாளி ஃபுஜிசாவாவும் வேறு வழியில் கொண்டுசென்றனர். சோபா என்னும் பக்வீட் நூடுல்ஸ் தட்டுகளை ஒரு கையில் ஏந்திச் செல்லும் கடைப் பையன், மறுகையால் ஓட்டக்கூடிய வண்டி வேண்டும் என்று எண்ணினார்கள். 1958-இல் வெளிவந்த சூப்பர் கப் வண்டியில் கிளட்ச் பிடி கிடையாது. பொறியின் சுழற்சியே அவ்வேலையைப் பார்த்துக்கொண்டது. கரடுமுரடான சாலைக்கேற்பப் பெரிய சக்கரம். காலுக்கு முன்னால் பாலிதீன் கேடயம். சங்கிலியும் முழுதும் மூடப்பட்டது. 2017-இல் இவ்வண்டிகளின் உற்பத்தி பத்துக் கோடியைத் தொட்டது. போர்த்தேர்களையும் பந்தயக் கார்களையும் பாடும் நாம், பாட வேண்டியது இதையன்றோ என்று சில வேளை நினைப்பதுண்டு.

நம் ஊருக்கு வருவோம். 1955-இல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கிற்று. இராணுவம் எல்லைக் காவலுக்கு விரும்பிய புல்லட் வண்டி திருவொற்றியூரில் உருவாகலாயிற்று. பிற்காலத்தில் இங்கிலாந்துத் தாய் நிறுவனம் மூடப்பட்டது. இங்கே பிள்ளை வாழ்ந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பல ஆண்டுகள் அத்தகைய வண்டியில் அலுவலகம் சென்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெருமழையைவிட முதல் தூறல் கொடியது. மாதக்கணக்கில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் அப்போது கலந்து பசையாகும்; பெருமழையோ அதைக் கழுவிவிடும். தேங்கிய நீரைக் கடக்கையில் பிளக்கிலோ பாயிண்டிலோ ஈரம் புகுந்தால் வண்டி நின்றுவிடும். ஓரங்கட்டித் துணியால் துடைத்தாக வேண்டும். மின்னணுப் பற்றவைப்பு வந்தபின் பாயிண்டும் போயிற்று, அந்தத் துணியும் போயிற்று.

இயந்திரம் நனையாமலிருக்க இத்தனை பேர் உழைத்தபோது, ஓட்டுபவரின் தலை நெடுங்காலம் வெறுமையாகவே இருந்தது. 1935 மே மாதம் லாரன்ஸ் ஆஃப் அரேபியா எனப் புகழ்பெற்றவர் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கியெறியப்பட்டு, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து மாண்டார். அவரைப் பார்த்த மருத்துவர்களுள் ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை நிபுணரும் ஒருவர். அம்மரணம் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டனில் 2,279 மோட்டார் சைக்கிள்காரர்களும் பின்னிருக்கையினரும் சாலையில் இறந்தனர் என்று கணக்கெடுத்து, தலைக்கவசத்தின் பயனை 1941-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அவ்வாண்டே பிரிட்டிஷ் இராணுவம் தன் ஓட்டுநர்க்கு அதைக் கட்டாயமாக்கிற்று. பொதுமக்களுக்கான சட்டம் 1973-இல்தான் வந்தது. கெய்ர்ன்ஸ் 1952-இலேயே இறந்துவிட்டார்.

இந்தியாவில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 129-ஆம் பிரிவில் தலைக்கவசத்தை வற்புறுத்துகிறது. ஆயினும் 2022-இல் நம் நாட்டுச் சாலைகளில் மாண்ட 1,68,491 பேரில், நூற்றுக்கு நாற்பத்து நான்குக்கு மேற்பட்டோர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். வெயிலில் தலை வேகிறது என்பதே கவசத்தைக் கழற்றுவோர் பலரும் கூறும் காரணம். அக்காரணம் பொய்யன்று, சித்திரை நண்பகலில் சிக்னலில் நின்றவர்க்கு அது தெரியும். 2024 கோடையில் சென்னையிலும் புதுச்சேரியிலும் சில சிக்னல்களின்மேல் பச்சை நிழல்வலை கட்டினார்கள். விளக்கு மாறும்வரை அதன் கீழே வண்டிகள் நெருங்கி நின்றன.