கைமாறி வந்த சுறா வாய்

பி-40 போர்விமானத்தின் மூக்குக்கு அடியில் பெரிய காற்றுத்துளை ஒன்று உண்டு. இஞ்சினையும் எண்ணெயையும் குளிர வைப்பதற்காக வைத்தது. அதனால் முகவாய் தொங்கினாற்போல் இருக்கும். அழகான விமானம் என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்தத் துளையைச் சுற்றி வெள்ளைப் பற்களையும் சிவப்பு நாக்கையும் தீட்டி, மேலே ஒரு கண்ணையும் வைத்துவிட்டால், இந்த முகத்துக்காகவே செய்த விமானம் என்று தோன்றும். அந்தச் சுறா வாய் எதிரியின் விமானத்திலிருந்து வந்தது என்பதுதான் அதன் கதையில் என்னை அதிகம் பாதித்த விஷயம்.

விமானத்தில் படம் தீட்டும் பழக்கம் முதல் உலகப்போரிலேயே வந்துவிட்டது. உருண்ட உடலுக்காகத் ‘திமிங்கிலம்’ என்று பெயர் வாங்கிய ஜெர்மனியின் ரோலண்ட் விமானங்கள் சிலவற்றில் அப்போதே பல்லும் கண்ணும் இருந்தன. இத்தாலிய விமானி பிரான்செஸ்கோ பராக்கா, தான் முன்பு இருந்த குதிரைப்படையின் நினைவாகத் துள்ளும் குதிரையை வரைந்துகொண்டார். 34 வெற்றிகளுக்குப் பிறகு 1918 ஜூனில் அவர் இறந்தார். மகனின் குதிரையை அவருடைய தாய் பிற்பாடு ஒரு கார்ப் பந்தயக்காரருக்குக் கொடுத்தார். அவர் என்சோ பெராரி.

சுறாவுக்கு வருவோம். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 110 விமானப் பிரிவு ஒன்று, மூக்கு முழுக்கச் சுறா வாயைத் தீட்டிக்கொண்டு பறந்தது. ‘சுறாக் கூட்டம்’ என்றே அதற்குப் பெயர். 1941-இல் கிரீட் தீவுச் சண்டையில் அதுவும் இருந்தது. அங்கே எதிர்த் தரப்பில் இருந்தது பிரிட்டனின் 112ஆம் ஸ்குவாட்ரன். எகிப்துக்குத் திரும்பி டோமஹாக் விமானங்கள் (பி-40இன் பிரிட்டிஷ் பெயர்) கிடைத்ததும், அவர்களும் அதே வாயைத் தீட்டிக்கொண்டார்கள். ஜெர்மானிய விமானத்தின் மூக்கில் அது வெறும் படம். டோமஹாக்கில் காற்றுத்துளையே தொண்டையாகிவிட்டது.

அந்த விமானங்களின் புகைப்படம் பத்திரிகையில் வந்தது. பர்மாவின் டவுங்கூவில் அப்போது அமெரிக்கத் தொண்டர் படையொன்று பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தது. அமெரிக்க ராணுவத்திலும் கடற்படையிலும் வேலையை விட்டு, சீனாவுக்காகச் சண்டையிட வந்தவர்கள். தலைவர் கிளேர் ஷென்னால்ட். அவர்களிடம் இருந்ததும் டோமஹாக்தான். படத்தைப் பார்த்த விமானிகள் தங்கள் விமானத்திலும் வரையலாமா என்று கேட்க, படை முழுவதற்குமே அதைச் சின்னமாக்கினார் ஷென்னால்ட். எல்லாம் கையால் தீட்டியவை. பழைய படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரு வாய் இன்னொன்றைப் போல் இருக்காது.

1941 டிசம்பர் 20 அன்று சீனாவின் குன்மிங் நகரைத் தாக்க வந்த ஜப்பானிய விமானங்களை அவர்கள் வழியிலேயே மறித்தார்கள். பத்திரிகைகள் ‘பறக்கும் புலிகள்’ என்று பெயர் வைத்தன. டிஸ்னி நிறுவனத்தின் ஓவியர்கள் சிறகுள்ள புலி ஒன்றை வரைந்து அனுப்பினார்கள். பெயர் புலி, மூக்கில் சுறா. இரண்டும் நிலைத்துவிட்டன. 1942 ஜூலை 4-இல் படை கலைக்கப்பட்டது. அதன் வழிவந்த அமெரிக்க விமானப்படைப் பிரிவின் ஏ-10 விமானங்களில் அதே பற்கள் தொடர்ந்து வந்திருக்கின்றன.

இந்தக் கதையில் நம்மவர்களும் இருக்கிறார்கள். 1941 டிசம்பர் 23 அன்று பர்மாவின் ரங்கூன்மீது ஜப்பானியக் குண்டு விழுந்தது. மேலே சுறா வாய் விமானங்கள் சண்டையிட்டன. கீழே துறைமுகத்திலும் கடைத்தெருக்களிலும் செத்தவர்களில் எத்தனையோ பேர் பிழைப்புக்காகக் கடல் கடந்து போன தமிழர்கள், தெலுங்கர்கள். உயிர் தப்பியவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு அரக்கான், அஸ்ஸாம் பக்கமாக நடக்கத் தொடங்கினார்கள். லட்சக்கணக்கானோர் நடந்தார்கள், காட்டிலேயே விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். டோமஹாக்குகள் பிப்ரவரி இறுதிவரை ரங்கூனில் இருந்தன. பிறகு அவையும் வடக்கே கிளம்பின.