ஜன்னலும் மருந்தாளுநரும்

1

அரசு மருத்துவமனையில் மருந்து வாங்கியவர்களுக்கு அந்த ஜன்னலைத் தெரியும். ஒரு கை மட்டும் நுழையும் ஓட்டை, அதற்கு மேலே கம்பி அல்லது கண்ணாடி. நோயாளி குனிந்துதான் பேச வேண்டும். உள்ளேயிருந்து குரல் வரும்: 'வெள்ளை மாத்திரை காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, மஞ்சள் மூணு வேளை, சாப்பிட்டுப் போடு. அடுத்து யாரு?' இந்த உரையாடலில் நோயாளிக்கு வசனம் கிடையாது.

மருத்துவமனையையும் மருத்துவரின் பார்வையையும் பற்றி பூக்கோ எழுதியதை நம் சிற்றிதழ்கள் நிறையவே பேசியாயிற்று. மருத்துவரின் அறைக்கும் நோயாளியின் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் இந்த ஜன்னலைப் பற்றி நாம் பேசியதில்லை. சீட்டில் இருக்கும் எழுத்து பொருளாக மாறும் இடம் இது. பிழை பிடிபடுவதும் நழுவிப்போவதும் இங்கேதான். இங்கே நிற்பவருக்கு யார், எதற்காக, என்ன பயிற்சி கொடுத்தார்கள் என்று கேட்டால் ஒரு சமூக வரலாறே வெளியே வருகிறது.

2

சென்னை மருத்துவக் கல்லூரியாக 1850இல் பெயர் மாறிய நிறுவனம் 1835இல் ஒரு சிறு மருத்துவப் பள்ளியாகத்தான் தொடங்கியது. அது மருத்துவர்களை உருவாக்கத் திறக்கப்பட்டதல்ல. கம்பெனியின் ஐரோப்பிய சர்ஜன்களுக்குக் கீழே வேலை செய்ய ஆட்கள் தேவைப்பட்டார்கள். அப்போத்திகிரி வேலைக்கு ஐரோப்பியரும் கலப்பினத்தவரும், அதற்கும் கீழே 'டிரஸ்ஸர்' வேலைக்கு நம்மவர்கள். மருந்து கலப்பதும் புண் கட்டுவதும் கீழ்நிலை வேலை என்ற வகுப்பு அன்றைக்கே நிறப்படிநிலையோடு சேர்ந்து உறுதியாகிவிட்டது. மருந்தின் பெயரை எழுதும் கை மேலே, மருந்தைத் தொடும் கை கீழே. உடலுழைப்பைத் தாழ்த்தி வைத்துப் பழகிய நம் சாதிச் சமூகத்துக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகப் பட்டிருக்க வாய்ப்பில்லை.

இதற்கு மாறாக ஒன்று யாழ்ப்பாணத்தில் நடந்தது. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் அங்கே வந்தார், மானிப்பாயில் மாணவர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான். ஆங்கிலம் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விட, ஊரில் மருத்துவம் பார்க்க ஆளில்லை. 1860களில் தமிழில் கற்பிக்கத் தொடங்கினார். தமிழில் படித்தவன் ஊரிலேயே இருப்பான் என்பது அவர் கணக்கு. 1873இல் திரும்பிப் போகும் முன் அறுபது பேருக்கு மேல் பயிற்றுவித்திருந்தார். 1875இல் 'கெமிஸ்தம்' என்ற வேதியியல் நூல் தமிழில் வெளிவந்தது. மிஷனின் மதநோக்கத்தை நாம் மறக்க வேண்டியதில்லை. ஆனால் மருந்து பற்றிய அறிவு எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழிக்காரனுக்குத்தான் அது பயன்படும் என்ற எளிய விஷயம் அவருக்குப் புரிந்திருந்தது. நம் மருந்தியல் கல்லூரிகளுக்கு இது இன்னும் எட்டவில்லை.

3

டிரஸ்ஸரின் வாரிசுதான் கம்பவுண்டர். வீட்டிலிருந்து கொண்டுபோன பாட்டிலில் சிவப்பு மிக்சர் ஊற்றி, வேளைக்கு ஒரு கோடாகக் காகிதத்தை வெட்டி ஒட்டித் தருவார். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கும் அந்தக் காகிதக் கோடு புரிந்தது. தராசு, கல்வம், அளவுக் குவளை என்று கையோடு வந்த அறிவு அது. பல ஊர்களில் டாக்டர் இல்லாத நேரத்தில் கம்பவுண்டர்தான் டாக்டர். மேலிடம் அதைத் திறமை என்றும் சொல்லிக்கொண்டது, அத்துமீறல் என்றும் சொல்லிக்கொண்டது, வசதிப்படி.

1930இல் ஆர்.என். சோப்ரா தலைமையில் அமைந்த மருந்து விசாரணைக் குழு மறு ஆண்டே அறிக்கை தந்தது. கலப்பட மருந்தையும் பயிற்சியில்லாத கைகளையும் அது சுட்டிக்காட்டியது. 1940இல் மருந்துச் சட்டம், 1948இல் பார்மசி சட்டம். பின்னதை உற்றுப் படித்தால் இரண்டு இடங்கள் உறுத்தும். முதல் பதிவேட்டில், மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ மொத்தம் ஐந்தாண்டு மருந்து கலந்தவர்களும் சேரலாம். அனுபவத்தையும் அறிவாக ஏற்ற வாசல் அது. அடுத்தது 42ஆம் பிரிவு: பதிவுபெற்ற மருந்தாளுநர் தவிர யாரும் மருந்து கலக்கவோ கொடுக்கவோ கூடாது, தன் நோயாளிக்குத் தானே மருந்து கொடுக்கும் மருத்துவரைத் தவிர! இந்தப் பிரிவை அமல்படுத்தும் தேதியை மாநில அரசுகளிடம் விட்டார்கள். கடைசியில் 1976இன் திருத்தமும் அதன் நீட்டிப்பும் சேர்ந்து, தேதி குறிக்காத மாநிலங்களில் 1984இல்தான் அது தானாக நடைமுறைக்கு வந்தது. நோயாளியின் பாதுகாப்புக்கான பிரிவு முப்பத்தாறு வருஷம் காத்திருந்திருக்கிறது.

படிப்பு என்ன ஆயிற்று? காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் 1932இல் எம்.எல். ஷ்ராஃப் தொடங்கிவைத்த பார்மசிக் கல்வி மருந்து வேதியியலிலிருந்து கிளைத்தது. சுதந்திரத்துக்குப் பின் உள்நாட்டு மருந்துத் தொழில் வளர வேண்டியிருந்ததால், பட்டப்படிப்பு தொழிற்சாலையைப் பார்த்து நின்றது. மருத்துவமனை ஜன்னலுக்கு இரண்டு வருஷ டிப்ளமோ போதும் என்று ஆனது. அதன் இறுதியில் 500 மணிநேர நேரடிப் பயிற்சி. அந்த மணிநேரங்கள் பல இடங்களில் கையெழுத்தாக மட்டுமே முடிந்துபோவது படித்தவர்களுக்கும் தெரியும், படிப்பித்தவர்களுக்கும் தெரியும்.

4

1986 தொடக்கத்தில் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் 14 நோயாளிகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். சிகிச்சைக்கென்று கொடுத்த கிளிசராலில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நஞ்சு கலந்திருந்தது. நீதிபதி லெண்டின் ஆணையம் விசாரித்தபோது குற்றம் ஒருவரோடு நிற்கவில்லை. சப்ளையர், மருத்துவமனையின் கொள்முதல், மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம், அமைச்சர் அலுவலகம் என்று அது மேலே மேலே போனது. 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயிரை எடுத்தபோதும் அதே நஞ்சுதான். ஆக ஜன்னலில் நிற்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பாட்டிலுக்குள் இருப்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பாதுகாப்பு ஒரு சங்கிலி. அறுந்துபோனால் மட்டும் கடைசிக் கண்ணியைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பார்கள்.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் உருவாகி மறு ஆண்டு விநியோகத்தைத் தொடங்கியதும் இச்சங்கிலியின் ஒரு பகுதி நிஜமாகவே பலப்பட்டது. மையக் கொள்முதல், தொகுதிவாரியாக ஆய்வகப் பரிசோதனை, பட்டையில் அடைத்த மாத்திரை. இதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் மருந்து ஒழுங்காக வந்து சேர்ந்த பிறகு ஜன்னலில் நடப்பது மாறவில்லை. கலக்கும் வேலை போய், எண்ணிக் கிழித்துக் கொடுக்கும் வேலை மிஞ்சியது. காகிதக் கோடும் போயிற்று.

ஒரு உதாரணம் போதும். மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்தில் ஒருநாள் போட வேண்டும். தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து உயிரையே எடுக்கும். உலகம் முழுக்க நடந்திருக்கும் பிழை இது. டாக்டர் சரியாக எழுதியிருக்கலாம், மாத்திரையும் தரமாக இருக்கலாம். கடைசிக் காவல் ஜன்னலில் சொல்லப்படும் ஒரு வாக்கியம்: 'திங்கக்கிழமை மட்டும், மத்த நாள் தொடக்கூடாது'. கிழமையை உறைமேல் தமிழில் எழுத வேண்டும், 'எப்படிப் போடுவீங்க, சொல்லுங்க பார்ப்போம்' என்று திருப்பிக் கேட்க வேண்டும். இதற்கு ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷத்தைத்தான் நம் மருத்துவமனைகள் தர மறுக்கின்றன.

5

1990களின் பிற்பகுதியில் மைசூரிலும் உதகையிலும் மருத்துவமனையை மையமாக வைத்த பார்மசி முதுகலைப் படிப்பு வந்தது. 2008இல் ஆறாண்டு ஃபார்ம்.டி. 2015இன் விதிகள் நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை மருந்தாளுநரின் கடமையாக எழுதிவைத்தன. எழுத்தில் குறையில்லை. கடமையைச் சட்டம் கொடுத்தது. நேரம், ஆள், மொழி, டாக்டரின் சீட்டைத் திருப்பி அனுப்பிக் கேள்வி கேட்கும் அதிகாரம் ஆகியவற்றைக் கொடுக்கவில்லை. தவறு கண்டால் 'ஐயா, இந்த அளவு கூடுதலா இருக்கே' என்று ஒரு மருந்தாளுநர் பயமில்லாமல் கேட்க முடிகிற இடத்தில்தான் நோயாளி பத்திரமாக இருக்கிறார். 1835இன் மேல் கை, கீழ் கை ஏற்பாடு கலையாமல் இது நடக்காது. பிழையைச் சொன்னவரைத் தண்டிக்கும் நிர்வாகத்தில் பிழைகள் மறையும், குறையாது.

'மருந்தாளுநர்' என்று அரசு தந்த பெயர் கம்பீரமானதுதான். மருந்தை ஆள்பவர். ஆனால் வரிசையின் நீளத்தை அவர் ஆளவில்லை, காலிப் பணியிடங்களை அவர் ஆளவில்லை. தொழிற்சங்கம் சம்பள விகிதத்துக்குப் போராடியது நியாயம். நோயாளி உரிமை பேசுகிறவர்கள் டாக்டரோடும் மருந்துக் கம்பெனியோடும் மோதியதும் நியாயம். இரண்டு தரப்பும் ஜன்னலின் இரண்டு பக்கம் நின்றபடி ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருப்பதுதான் அபத்தம். அந்த ஒரு நிமிஷத்தை இருவரும் சேர்ந்து கேட்கலாம். ஜன்னலைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டச் சொல்லியும் கேட்கலாம், குனியாமல் பேசுகிற அளவுக்கு.